அழுத்தாத கை

1934ஆம் ஆண்டு மார்கழியில் மலாயாவில் செடெனாக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் துரை பங்களாவுக்கு முன்னால் நின்ற பெரிய மரத்தின் கிளை முறிந்து வாசல்மேல் சாய்ந்தது. கதவுக்கு மேலே அரைவட்டமாகப் பதித்திருந்த வண்ணக் கண்ணாடி உடைந்து கூடமெல்லாம் சிதறியது. துரை அந்த இடத்தைப் பலகை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார். பங்களாத் தோட்டக்காரர் துண்டுகளை வாளியில் அள்ளிக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனபோது எதிரே வந்த அங்கம்மா அவரை மறித்தாள்.

"அண்ணே, கொட்டாதீங்க. எனக்குக் குடுங்க."

"கண்ணாடிம்மா இது. கையக் கிழிச்சிடும். இத வச்சு என்னா செய்யப் போற?"

"என்னமோ செய்றேன். குடுங்க."

என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே அப்போது தெரியாது. சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. குழியில் கிடக்க விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கம்மா அந்தத் தோட்டத்து ஆயா. ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். எட்டுத் தூளிகள், தவழ்வதும் நடப்பதுமாக இன்னும் பதினைந்து பதினாறு. எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். சொந்தமாகப் பிள்ளை இல்லை. ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றிய வருஷத்தில் ஊருக்குப் போன புருஷனிடமிருந்து மூன்று வருஷமாகக் கடிதமும் இல்லை.

கொட்டகைப் பிள்ளைகளில் சந்திரமதி என்று ஒருத்தி. வயது மூன்று. பால்வெட்டுக்காரர் ஐயாசாமிக்கும் கருப்பாயிக்கும் பிறந்தவள். கண்ணின் கருமணிக்குள் சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். பிறவியிலேயே அப்படி. மற்றப் பிள்ளைகள் விளையாட, அவள் மூலையில் உட்கார்ந்து இரண்டு முஷ்டியாலும் கண்களை அழுத்திக்கொண்டே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறவிக் குருடு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லியிருந்தார்.

மழை விட்டு வெயில் வந்த முதல் நாள், அங்கம்மா கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக் கொட்டகையின் அரைச்சுவர்மேல் காயவைத்தாள். வெயில் ஒரு சிவப்புத் துண்டின் வழியாக விழுந்து மூலைக்குப் போனது. சந்திரமதியின் முகத்தில் பட்டது. ஆடிக்கொண்டிருந்தவள் நின்றாள். முஷ்டிகள் மெல்ல இறங்கின.

அங்கம்மா அந்தத் துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் அசைத்தாள். தலை கூடவே திரும்பியது. தற்செயலாக இருக்கும் என்று நீலத்தை எடுத்தாள். அதற்கும் திரும்பியது. வளையலைக் கழற்றிவைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் மறுபடி செய்தாள். அப்போதும் திரும்பியது.

மத்தியானம் பிள்ளையைத் தூக்க வந்த கருப்பாயியிடம் சொன்னாள். கருப்பாயி கேட்டுக்கொண்டே முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"ஆயா, எனக்கு ஆச காட்டாதீங்க. டிரஸ்ஸரு சொல்லிட்டாரு. அவங்க அப்பா காதுல விழுந்தா கோவப்படுவாரு."

ஐயாசாமியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சந்திரமதிக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலோடு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் அவனுடைய சட்டை மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. காய்ச்சல் முற்றிவிட்டது, யார் மேலும் குற்றமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஐயாசாமி வாதாடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கட்டும், அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்ற அளவில் அங்கம்மா நிறுத்திக்கொண்டாள். துண்டுகளின் ஓரத்தை ஈரச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கினாள். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கிழக்குப் பக்கத்துக் கூரை வரிச்சியில் தொங்கவிட்டாள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காற்றில் மஞ்சள் துண்டு கயிற்றிலிருந்து நழுவி, இரண்டு தூளிகளுக்கு நடுவே விழுந்து சிதறியது. எந்தக் குழந்தைக்கும் படவில்லை. ஆனால் அன்று மத்தியானம் தாய்மார்கள் வந்து பார்த்தபோது பெரிய சத்தம். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியும் வந்துவிட்டார்.

"ஆயா, பிள்ளைங்க இருக்கிற எடத்துல கண்ணாடியா? எல்லாத்தையும் தூக்கிப் போடு."

"கட்டினதுதான்யா தப்பு. ஓட்ட போட்டு கம்பியில மாட்டினா விழாது."

"இன்னொண்ணு விழுந்துச்சுன்னா கொட்டாய்க்கு வேற ஆளு வப்பேன். பாத்துக்க."

கண்ணாடியில் துளை போடுவது எப்படி? ரப்பர்த் தாள் செய்யும் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கும் பிட்டர் சபாபதியிடம் போய்க் கேட்டாள். சபாபதி நாற்பது வயதுக்காரர், மனைவி இல்லாதவர், எந்த இரும்பும் தன் சொல் கேட்கும் என்று நம்புகிறவர்.

"இரும்புலயே போடுறேன். கண்ணாடி எம்மாத்திரம்?" என்றார்.

துளையிடும் கைத்தமரில் இரும்புக்குப் போடும் ஊசியைப் பொருத்தி ஒரு பச்சைத் துண்டின்மேல் வைத்துச் சுற்றினார். ஊசி வழுக்கி ஓடியது. அழுத்திச் சுற்றினார். டக்கென்று மூன்றாகப் பிளந்தது. அடுத்தது நாலாக. ஐந்து துண்டு போனபிறகு தமரைக் கீழே வைத்தார். அங்கம்மா உடைந்ததையெல்லாம் பேசாமல் பொறுக்கினாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால்கூடச் சபாபதிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலேறிக் கூலாய்க்குப் போனார். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடும் சீனர் ஒருவர் இருந்தார். சுவரில் திருகாணி வைத்து மாட்டும் கண்ணாடிகளுக்கு நாலு மூலையிலும் துளை இருப்பதைச் சபாபதி எப்போதோ பார்த்திருக்கிறார். பாதி மலாயிலும் பாதி கையிலும் கேட்டார். கடை முதலாளியான அந்தத் தவுக்கே முதலில் சிரித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் செய்தே காட்டினார்.

உடைந்த முக்கோண அரத்தின் முனையைத் தீட்டி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்த ஊசி. அதைச் சுற்றுவதற்குக் கைத்தமர் இல்லை, கயிறு கட்டிய சின்ன வில். கண்ணாடிக்கு அடியில் கம்பளித் துணி. துளை விழ வேண்டிய இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு வரப்பு. வரப்புக்குள் டர்பன்டைன் எண்ணெயில் சூடத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். பாதி ஆழம் போனதும் நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் கடைசியில் சில்லுத் தெறித்துவிடும்.

"ஜாங்கான் தெக்கான்," என்றார் தவுக்கே. அழுத்தாதே. சபாபதியின் புறங்கையில் தட்டி, "பெலான், பெலான்," என்று மெல்லச் செய்யச் சொன்னார்.

சபாபதி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தார், அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர.

அதற்குள் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. புருஷன் ஊரிலிருக்கும் ஆயாவுக்கு ஸ்டோரில் என்ன வேலை, பிட்டருக்கு அவள்மேல் என்ன அக்கறை என்று குழாயடியில் ராஜம்மா ஆரம்பித்துவைத்தாள். காதில் விழுந்ததும் சபாபதி தன் பட்டறைப் பலகையைத் தூக்கிவந்து ஆயாக் கொட்டகைக்கு முன்னால், எல்லாரும் போகிற வருகிற பாதையில் போட்டார். "பாக்கிறவங்க நல்லாப் பாத்துக்கிடட்டும்," என்றார். பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக வேலையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. ராஜம்மாவே முதல் ஆளாக வந்து, எண்ணெய் போதாது என்று யோசனை சொன்னாள்.

ஆனால் துண்டுகள் உடைவது நிற்கவில்லை. முன்போல எடுத்த எடுப்பில் உடையாமல், இப்போது துளை விழுகிற நேரத்தில் உடைந்தன. முக்கால் மணி நேரம் வில் இழுத்தபிறகு, இதோ வந்துவிட்டது என்னும்போது கீறல் ஓடும். கடைசியில் பதினொரு துண்டுகள்தான் மிஞ்சின.

மறுநாள் காலை மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. ஐயாசாமி பிள்ளையைக் கொட்டகையில் விட வந்தவர், மழைக்கு ஒதுங்கி இறவாணத்தடியில் நின்றார். சபாபதி பலகையை இறவாணத்தின் உள்பக்கம் இழுத்துப் போட்டுக் குந்தி வில் இழுத்துக்கொண்டிருந்தார். ஐயாசாமி வெகுநேரம் பார்த்தார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். அந்தத் தோட்டத்தில் மரத்துக்குக் காயமே படாமல் வெட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

"அண்ணே, அழுத்துறீங்க."

சபாபதிக்கு எரிச்சல் வந்தது. "அழுத்தாம எப்படிய்யா ஓட்ட விழும்?"

"பட்ட வெட்டும்போது நாங்க அழுத்துறோமா? உளி தானாப் போவணும். உள்ள மரம் எங்க இருக்குன்னு கை கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு நூலு கூடப் போனாக் காயம்."

"அப்ப நீ வந்து போடு."

ஐயாசாமி தயங்கினார். இந்தக் கண்ணாடிகள் யாருக்காக என்று அவருக்குத் தெரியும். கருப்பாயி சொல்லியிருந்தாள். உள்ளே மூலையில் மகள் கண்ணை அழுத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பலகை முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் வில்லை எடுக்கவில்லை. ஊசியை விரலில் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்து வெறுமனே உருட்டிப் பார்த்தார். பிறகு வில்லை மாட்டினார். ஊசியின் தலையைத் தாங்கும் சிரட்டையில் உள்ளங்கையை வைத்தாரே தவிர, பாரம் போடவில்லை. வில் போய் வந்தது. கொரகொரவென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. எண்ணெய் வெள்ளையாகக் கலங்கியது. அங்கம்மா ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே பக்கத்தில் வந்து நின்றாள். சூட வாசனையும் மழை வாசனையும் கலந்து வந்தது.

திடீரென்று ஐயாசாமி நிறுத்தினார். "பாதி வந்திருச்சு."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறிச்சுல்ல."

சபாபதிக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. களிமண்ணை வழித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். சரியாகப் பாதி. மறுபக்கம் வரப்பு கட்டி மறுபடி ஆரம்பித்தார். கடைசிக் கட்டத்தில் அவர் வில்லை இழுத்தது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்ல. ஊசி ஒரு சின்னக் குலுக்கலோடு இறங்கியது. கீறல் ஓடவில்லை. ஐயாசாமி துண்டை எடுத்துத் துடைத்து, துளையில் வாய் வைத்து ஊதினார். சிவப்புக் கண்ணாடியின் ஓரத்தில் மிளகு நுழையும் அளவுக்கு ஒரு வட்டம்.

"அலாமாக்!" என்று சபாபதி தன் தொடையில் தட்டினார். "நான் பத்து நாளா மல்லுக்கட்டினேன்யா!"

அன்றும், அதற்கடுத்த மூன்று சாயங்காலங்களும் ஐயாசாமி வந்தார். சபாபதி ஊசி தீட்டிக் கொடுத்தார்; ஐயாசாமி துளையிட்டார். பதினொன்றில் ஏழு பிழைத்தன. உடைந்த நாலில் ஒன்று நல்ல நீலம். அதற்காக அவர் அன்று சாப்பாட்டையே சரியாகச் சாப்பிடவில்லை என்று கருப்பாயி வந்து சொன்னாள்.

அங்கம்மா துளைகளில் துணிச் சுருணை வைத்து, செம்புக் கம்பி கோத்து முறுக்கி, வரிச்சியில் ஆணியடித்து மாட்டினாள். கிராணி வந்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் நல்ல வெயில். ஆனால் மரமெல்லாம் முந்தின ராத்திரி மழையில் நனைந்திருந்ததால் வெட்டு இல்லை. ஐயாசாமி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கம்மா வேண்டுமென்றே அடுப்பில் கஞ்சி கிண்டப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஐயாசாமி பிள்ளையை மடியில் வைத்துக் கண்ணாடிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சந்திரமதியின் கைகள் கண்களில் இல்லை. அவர் எட்டி ஒரு கண்ணாடியை உள்ளங்கையால் மறைத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்தது. கையை எடுத்தார். "ஆ!" என்று சத்தம் போட்டுச் சிவப்பை நோக்கிக் கையை நீட்டியது. மறைத்தார், எடுத்தார். மறுபடி மறைத்தார். எத்தனை முறை அப்படிச் செய்தாரோ. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே இருந்தார்.

"தம்பி," என்று அங்கம்மா மெல்லக் கூப்பிட்டாள். "மாசாமாசம் வர்ற வெள்ளக்கார டாக்டரு புதன்கிழம வர்றாரு. சும்மா காட்டலாமே."

"அவனையும் சும்மா காட்டத்தான் அனுப்பிச்சோம்."

அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் காச்சல்ல போனான். நீங்க அனுப்பிச்சதால போகல. அனுப்பாம வச்சிருந்தா உங்களால தாங்கியிருக்க முடியுமா?" என்றாள்.

ஐயாசாமி அழுதார். மகன் போனபோதுகூட அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை.

புதன்கிழமை டாக்டர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு அங்கம்மா கொண்டுவந்திருந்த சிவப்புக் கண்ணாடியை வாங்கி, விளக்குக்கு முன்னால் பிடித்து அசைத்தார். நிமிர்ந்து டிரஸ்ஸரிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். டிரஸ்ஸர் முகம் சிறுத்தது.

"ஒளி தெரியுதாம். கண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளயக் கத்தி வச்சு எடுக்கலாமாம். ஜோகூர் பாருவுல செய்வாங்களாம். முழுசாத் தெளியும்னு சொல்ல முடியாதாம், ஓரளவுதான்." பிறகு கருப்பாயி பக்கம் திரும்பி, "நான் அன்னக்கி வெளக்கு அடிச்சுப் பாத்திருக்கணும், கருப்பாயி. பாக்காமச் சொல்லிட்டேன்," என்றார்.

கருப்பாயி புருஷனைப் பார்த்தாள். ஐயாசாமி நேராக டாக்டரையே பார்த்துக் கேட்டார். "அறுக்கிறவருக்குக் கை லேசா?"

டிரஸ்ஸர் மொழிபெயர்க்கத் தயங்கினார், பிறகு சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் வைத்துக்காட்டினார். அவ்வளவு லேசு என்றார்.

தை பிறந்ததும் தாயும் தகப்பனும் பிள்ளையுமாக மூன்று பேரும் செடெனாக் ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். ஐயாசாமி ஒரு வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். ஒவ்வொரு ஞாயிறும் போய் வந்தார். வலது கண்ணில் மூன்று தடவை கத்தி வைத்தார்கள். இடது கண்ணுக்கு உள்நரம்பே சரியில்லை, அதில் பலன் இருக்காது என்று விட்டுவிட்டார்கள். பங்குனிக் கடைசியில் கருப்பாயி பிள்ளையோடு வந்து இறங்கினாள். சிங்கப்பூரில் சொல்லிச் செய்த தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்று, நாடா வைத்துப் பிள்ளையின் தலையோடு கட்டியிருந்தது.

லயமே கூடி வேடிக்கை பார்க்க வந்தது. ஆனால் சந்திரமதி பயந்து அலறினாள். ஆடுகிற வாழையிலை, ஓடுகிற கோழி, தன்னை நோக்கி வரும் முகங்கள் எல்லாமே அவளுக்குப் பயம். நடக்க வேண்டுமானால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்போலச் சுவரைத் தடவித்தான் நடந்தாள். கருப்பாயி வாய் திறந்து பேசினால் அம்மா என்று ஒட்டிக்கொள்வாள். பேசாமல் எதிரே நின்றால் யாரோ என்று விலகிப்போவாள்.

"மூணு மாசம் ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கெடந்தேன், ஆயா. எம்மூஞ்சி அதுக்கு அன்னியமா இருக்கே," என்று கருப்பாயி கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள்.

"கைக்கும் காதுக்கும்தானடி இத்தன நாளா உன்னத் தெரியும்? கண்ணு நேத்துப் பொறந்தது. கொஞ்சம் பொறு."

அங்கம்மா தினமும் மத்தியானம் பால்வெட்டுக்காரர்கள் திரும்பும் நேரத்தில் பிள்ளையைக் கொட்டகை வாசலில் நிறுத்துவாள். பெண்கள் எல்லாருமே ஒரே மாதிரிதான் வருவார்கள். முழங்கைவரை சட்டை, தலையில் முக்காடு, உடம்பெல்லாம் காய்ந்த பால் கறை. முதல் நாள் சந்திரமதி ராஜம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் யாரிடமும் போகவில்லை. பிறகு பல நாள் வாசலை விட்டு நகரவே இல்லை. பேசக் கூடாது என்று அங்கம்மா சொல்லியிருந்ததால் கருப்பாயி ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள்.

சித்திரையில் ஒரு நாள் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தார்கள். கருப்பாயி நடுவில் இருந்தாள். சந்திரமதி மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்த்தாள். ராஜம்மாவைத் தாண்டினாள். காளியம்மாவைத் தாண்டினாள். கருப்பாயிக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, தூக்கு," என்றாள் பிள்ளை.

கருப்பாயி தன் கைகளைப் பார்த்தாள். "இருடி, கையெல்லாம் பாலு, கழுவிட்டு வர்றேன்," என்று சொன்னாளே தவிர, கழுவப் போகவில்லை. அப்படியே குனிந்து தூக்கிக்கொண்டாள்.